இருபது சிப்பம் கார்

எடை குறைப்பவரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். உடனே, விடிந்தும் விடியாமலும் காவிரிக்கரையில் கைகளை வீசி நடந்துவிட்டு வந்து, சர்க்கரை போடாத டீயை முகம் சுளிக்காமல் குடிக்கிறவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் தன் எடையைக் குறைப்பவர். அவரால் அவருக்கு மட்டும்தான் கஷ்டம். இங்கே சொல்ல வந்தது மற்றவற்றின் எடையைக் குறைப்பவரைப் பற்றி.

டவுன் பஸ்ஸில் ஏறினால், டிரைவர் தலைக்கு மேலே தொங்குகிற பிளாஸ்டிக் மாலையையும், கண்ணாடி ஓரத்தில் மினுக்குகிற சீரியல் விளக்கையும், சீட்டுக்குக் கீழே உருளுகிற தண்ணீர்க் கேனையும் பார்த்துவிட்டு, இவ்வளவையும் இறக்கிவிட்டால் இந்த பஸ் தஞ்சாவூருக்குப் பத்து நிமிடம் முன்னால் போய்விடும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தல் முகப்பின் வளைவைத் தட்டிப் பார்ப்பார். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் கட்டிலின் இரும்புக் காலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். படுத்திருப்பவர் அது தனக்காக விட்ட மூச்சு என்று நினைத்துக் கண்கலங்குவார். இந்த இனம் முழுவதற்கும் ஒரே கேள்விதான் உண்டு. அது எதுக்கு?

இந்த இனத்திலும் நன்றாக முற்றிய வகை ஒன்று இருக்கிறது. அது காரின் எடையைக் குறைக்கிற வகை. அதிலும் சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் உள்ள ஸ்போர்ட்ஸ் காரின் எடையைக் குறைக்கிற வகை. அப்படி ஒரு கார் நம் பக்கம் ஓடி நாங்கள் பார்த்ததே இல்லையே என்கிறீர்களா? இல்லாத காரில்தான் இவர்களுக்கு முழுச் சுதந்திரம்.

பாபநாசத்தில், கும்பகோணம் போகிற சாலையில் செல்போன் கடை வைத்திருக்கும் ஷஹ்பாஸ் இந்த வகைக்கு நல்ல மாதிரி. இருபத்தெட்டு வயது. புகை, சீட்டாட்டம், வீண் சண்டை எதுவும் கிடையாது. அதனால் நிறைய நேரம் மிஞ்சியது. மிஞ்சிய நேரம் முழுவதும் அவன் கடையில் உட்கார்ந்து, எங்கோ ஒரு வெளிநாட்டில் மலைப்பாதையில் சின்னச் சின்ன கார்கள் வளைந்து வளைந்து ஓடுகிற வீடியோக்களைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவனுக்கு ஒரு உண்மை புலப்பட்டது. உலகத்தில் உள்ள கார் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் தப்புச் செய்கிறார்கள்.

என்ன தப்பு? கார் வேகமாகப் போக வேண்டும் என்று எஞ்சினைப் பெரிதாக்குகிறார்கள். பெரிய எஞ்சினைத் தாங்க உடம்பைக் கனமாக்குகிறார்கள். கனமான உடம்பை நிறுத்தப் பெரிய பிரேக். பெரிய பிரேக்கை உள்ளே வைக்கப் பெரிய சக்கரம். இத்தனையையும் இழுக்க எஞ்சின் போதவில்லை என்று அதை மறுபடியும் பெரிதாக்குகிறார்கள். இந்தச் சக்கரத்தைத் திருப்பிச் சுற்றினால் போதாதா? உடம்பில் கொஞ்சம் குறை. சின்ன பிரேக் போதும். சின்ன சக்கரம் போதும். சின்ன எஞ்சினே பறக்கும். விலையும் தானாக இறங்கும். யோசித்துப் பார்த்தால் இதில் தப்பே இல்லை. எடை குறைப்பவர்களிடம் உள்ள பெரிய தொல்லையே அதுதான். அவர்கள் சொல்வது பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும்.

ஆனால் இதை ஊரில் யாரிடம் சொல்வது? ஷஹ்பாஸின் கடைக்குப் பக்கத்தில் முருகையனின் ஒர்க்‌ஷாப். அங்கே வண்டி விட வருகிறவர்கள் பெரும்பாலும் விவசாயிகள். "எண்ணூறு கிலோவுக்கு மேல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கவே கூடாது" என்று சொல்லிப் பார்த்தான். யாரும் நிமிரவில்லை. அப்புறம்தான் அவனுக்குப் பிடி கிடைத்தது. நெல் கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ பிடித்து, வாயைத் தைத்து, அட்டியில் அடுக்குகிறார்களே, அந்தச் சிப்பம். எண்ணூறு கிலோ காதோடு போய்விடும். இருபது சிப்பம் என்றால் கேட்கிறவர் தோள் ஒருமுறை குலுங்கும். அன்றிலிருந்து பாபநாசம் வட்டாரத்தில் கார்கள் சிப்பக் கணக்கில் நிறுக்கப்பட்டன. தாசில்தார் ஜீப் நாற்பத்தைந்து சிப்பம். டாக்டரம்மாவின் புது வண்டி முப்பது சிப்பம், "அதுல அஞ்சு சிப்பம் வெறும் பவுசு."

"கதவுக்குக் கதவு கண்ணாடி ஏத்தி இறக்க மோட்டார் வச்சிருக்கான். அது எதுக்குண்ணே? நமக்குக் கையில்லையா?" என்பான் ஷஹ்பாஸ்.

"உங்க கடை ஷட்டருக்கே போன ஆடியில மோட்டார் போட்டீங்களே தம்பி," என்பார் முருகையன், வண்டிக்கு அடியில் படுத்தபடி.

"அது கடைண்ணே. ஓடுற பொருளா? நின்ன எடத்துலயே நிக்குது."

"அது ஊருக்கே தெரியும்."

இந்த மாதிரிக் குத்தலெல்லாம் அவனைத் தொடாது. மேட்டில் இருந்து இறங்கும் லாரியை நிறுத்த முடியுமா? பானட்டை அலுமினியத்தில் அடிக்கலாம். பின் கண்ணாடியைக் கெட்டியான பிளாஸ்டிக்கில் போடலாம். தகட்டை நல்ல உருக்கில் போட்டால் பாதி கனத்திலேயே அதே பலம் வரும். கதவுக்குள் சத்தம் வராமல் இருக்க ஒரு ரப்பர் பாய் ஒட்டுகிறார்கள், சத்தம் கேட்கத்தானே ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறோம், அது எதுக்கு? நடுவில் தட்டு அகலத்துக்கு ஒரு டச் ஸ்கிரீன், பாட்டுக் கேட்க சட்டைப் பையில் போன் இருக்கும்போது அது எதுக்கு? கைப்பிடி எதுக்கு, சாம்பல் கிண்ணம் எதுக்கு, பின்னால் ஒரு வைப்பர் எதுக்கு, வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறவனுக்கு வேகம் எதுக்கு?

"வெளிநாட்டுல கார்பன்னு ஒண்ணுல உடம்பையே செய்யிறாங்களாமே," என்று ஒருநாள் முருகையன் கேட்டார்.

ஷஹ்பாஸ் சிரித்தான். "அது பணக்காரன் வழிண்ணே. அதைப் போட்டா எடை எறங்கும், விலை ஏறிடும். நம்ம வழி வேற." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இதற்கென்றே வைத்திருக்கும் தாழ்ந்த குரலில் சொன்னான்: "போடாத சாமானுக்கு எடையும் கிடையாது, விலையும் கிடையாது."

நல்ல வாக்கியம். அவன் இதை நாலு கார் கம்பெனிகளுக்கு மெயிலில் எழுதி அனுப்பியிருக்கிறான். 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. அவ்வளவு சீக்கிரத்தில் படித்துவிட்டார்களே என்று அவனுக்கு ஆச்சரியம். சுருக்கமாக எழுதினால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான்.

கம்பெனிக்காரர்கள் யோசித்து முடிக்கும் வரை சும்மா இருக்க முடியுமா? அவனிடமே ஒரு பழைய சின்ன கார் இருந்தது. ஐந்து கதவு, எலுமிச்சம்பழ நிறம். வாங்கிய அன்று நிறுத்தபோது இருபத்திரண்டு சிப்பம். இரண்டே சிப்பம்தான் அதற்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் நடுவே நிற்கிறது என்று கண்டுபிடித்த நாளில் அவன் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை.

முதலில் பின் சீட்டு இறங்கியது. அப்புறம் ஸ்டெப்னி, ஜாக்கி, கம்பளம், கூரைத்துணி, ஏசி. இறங்கியதெல்லாம் எங்கே போகும்? எடை குறைப்பவர் எதையும் எறிய மாட்டார். எறிந்தால் வேண்டாத பொருளைக் காசு கொடுத்து வாங்கியதாக ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும் அல்லவா? எல்லாம் வீட்டுக்குப் போயிற்று. அவன் அம்மா சைத்தூன் பீவியின் கூடத்தில் பின் சீட்டு சோபாவாயிற்று. பெல்ட்டோடு. வருகிற பெண்கள் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது புடவையில் பெல்ட் மாட்டிக்கொண்டு, இருங்கம்மா இன்னும் கொஞ்ச நேரம் என்று வீடே இழுத்து உட்காரவைப்பது போல் இருக்கும். ஏசி பெட்டி அலமாரி மேல் ஏறியது. ஸ்டெப்னி மேல் அரிசிப் பானை உட்கார்ந்தது. கார் லேசாக ஆக ஆக வீடு கனத்துக்கொண்டே போயிற்று.

"தம்பி, வண்டியை இங்க கொண்டாந்து வச்சிட்டு நாம போய் ரோட்டுல நிப்போமா?" என்றார் சைத்தூன் பீவி.

"பொறும்மா. இருபது சிப்பம் ஆயிட்டா முடிஞ்சுது."

"அது முடியிறதுக்குள்ள அந்தப் புள்ள கல்யாண வயசு தாண்டிடும்."

அந்தப் பிள்ளை ஷமா. சைத்தூன் பீவியின் அண்ணன் அல்லா பிச்சையின் மகள். திருவையாற்றுக்கு இந்தப் பக்கம் அல்லா பிச்சைக்கு ஒரு ரைஸ் மில் இருக்கிறது. ஷமா காலேஜ் முடித்துவிட்டு, மில்லின் எடை மேடையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். லாரி மேடையில் ஏறும், கண்ணாடி அறைக்குள் இருந்து அவள் மைக்கில் எடையைச் சொல்வாள், லாரி இறங்கும். டிரைவர்களுக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். ஷஹ்பாஸுக்கும் அவளுக்கும் நிச்சயம் ஆகி ஒரு வருடம் ஓடிவிட்டது. நிக்காஹ் மட்டும் நடக்கவில்லை. ஏனென்றால் நிச்சயம் ஆன கையோடு ஷஹ்பாஸ் ஒரு வார்த்தை விட்டுவிட்டான். இருபது சிப்பத்துக்கு இறக்கிய காரில்தான் நிக்காஹ்வுக்கு வருவான். அதில்தான் பெண்ணை அழைத்துக்கொண்டு போவான். அதை வீடியோ எடுத்துப் போட்டால் கம்பெனிக்காரர்கள் பார்ப்பார்கள்.

குறுவை முடியட்டும் என்றார்கள், வண்டி இருபத்தொன்றரைச் சிப்பத்தில் நின்றது. சம்பா முடியட்டும் என்றார்கள், இருபத்தொன்றில் நின்றது. ரமலான் வந்தது, போயிற்று. அல்லா பிச்சை பொறுமையான மனிதர்தான். ஆனால் அவருக்கும் ஒரு தெரு இருக்கிறது. மாப்பிள்ளை வெயிட்டான ஆளு என்று நிச்சயத்தின்போது நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். இப்போது அந்த நாலு பேரும் பள்ளிவாசல் வாசலில் பார்க்கும்போதெல்லாம், "என்ன பாய், மாப்ள வெயிட்டைக் குறைச்சிக்கிட்டே இருக்காராமே," என்கிறார்கள். அய்யம்பேட்டையில் வேறு ஒரு இடத்தில் ஷமாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவர் தங்கையிடம் சொன்னார். சைத்தூன் பீவி மகனிடம் சொன்னார். மகன் மறுநாள் காரின் முதுகில் இருந்த கம்பெனிப் பெயரை, ஒவ்வொரு எழுத்தாக ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தான்.

அன்று சாயங்காலம் ஷமா போன் செய்தாள்.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். முன்னாடி எடது பக்கம் சீட்டு இருக்கா?"

"இப்போதைக்கு இருக்கு."

"இப்போதைக்குன்னா?"

"இல்ல ஷமா, எல்லாத்தையும் எடுத்தாச்சு. இனிமே எடுக்குறதுக்கு அந்த சீட்டு ஒண்ணுதான் பாக்கி. பதினாறு கிலோ இருக்கு அது. நிக்காஹ்வுக்கு மட்டும் ஒரு மணையைப் போட்டு..."

"மச்சான், நல்லாக் கேட்டுக்குங்க. என்னை உக்கார வைக்க எடமில்லாத வண்டியில வர்ற மாப்பிள்ளைக்கு எங்க வீட்லயும் உக்கார எடமில்ல. அய்யம்பேட்டைக்காரங்க வண்டியில ஏழு சீட்டு இருக்காம்."

போன் வைக்கப்பட்டது. ஏழு சீட்டு என்றால் எத்தனை சிப்பம் என்று ஷஹ்பாஸின் மனம் அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டது. அதை அவன் அதட்டி நிறுத்தினான். அவனுக்கு ஷமாவைப் பிடிக்கும். சின்ன வயதில் இருந்தே பிடிக்கும். இருபது சிப்பமும் வேண்டும், ஷமாவும் வேண்டும். இப்படி இரண்டும் வேண்டும் என்கிற நிலைமை இந்த இனத்துக்கு வரக்கூடாது. எடுத்துத்தான் அவர்களுக்குப் பழக்கம்.

அந்த சீட்டைத் தொடாமல் மிச்சத்தைச் சுரண்ட ஆரம்பித்தான். கதவின் உள்பக்க அட்டை போயிற்று. டேஷ்போர்டு மூடி போயிற்று. டிக்கியைச் சுற்றி இருந்த ரப்பர் போயிற்று. இடது பக்க வைப்பர் போயிற்று. அது மழைக்காலத்துக்கு மட்டும்தானே என்றான். பெல்ட்டையும் பிரேக்கையும் மட்டும் தொடவில்லை. அந்த அளவுக்கு அவனுக்குப் புத்தி இருந்தது.

முருகையன் ஒருநாள், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ஓட்டுறவர் ரெண்டு சிப்பம் இருப்பாரு. அங்க கொஞ்சம் கை வச்சா என்ன?"

"வண்டி எடைங்கிறது ஆளில்லாத எடைண்ணே. உலகம் பூரா அப்படித்தான்," என்று விளக்கிவிட்டு, ஷஹ்பாஸ் எதிர்க்கடையில் போய் இன்னும் இரண்டு பரோட்டா சொன்னான்.

கடைசியில் அல்லா பிச்சையே நாள் குறித்தார். கல்யாணத்துக்கு அல்ல, நிறுப்பதற்கு. "வியாழக்கெழம மில்லுக்கு வாங்க மாப்ள. எல்லாருக்கும் முன்னாடி மேடையில ஏத்துவோம். இருபது வந்தா அங்கேயே தேதி பேசிடுவோம். வராட்டி, நான் அய்யம்பேட்டைக்குப் போன் போட்டுடுவேன். தங்கச்சி மகன்னு ஒரு வருசம் பொறுத்தாச்சு."

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழைக்கு யாருடைய நிக்காஹ் பற்றி என்ன கவலை? கபிஸ்தலம் தாண்டியதும் ரோட்டோரம் காயப்போட்டிருந்த நெல்லை எல்லாரும் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். ஷஹ்பாஸுக்கு மூட எதுவும் இல்லை. கூரைத்துணி இல்லாததால் மழை தலைக்கு மேலேயே தவில் வாசித்தது. ரப்பர் இல்லாத டிக்கி வழியே தண்ணீர் உள்ளே வந்து, கம்பளம் இல்லாத தரையில் முன்னும் பின்னும் ஓடியது. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு சின்ன அலை வந்து அவன் காலை நனைத்தது. கோட்டை விட்ட இடமெல்லாம் சேர்ந்து உள்ளே ஒரு வாய்க்கால் ஆகிவிட்டது. அவன் அசரவில்லை. வளைவுகளில் வண்டி எவ்வளவு லேசாகத் திரும்புகிறது என்று ரசித்துக்கொண்டே போனான்.

மில் வாசலில் நெல் ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நின்றன. டிராக்டர், மினி லாரி, மறுபடியும் டிராக்டர். எல்லாம் நனைந்த நெல். ஈர நெல்லுக்கு அந்த மில்லில் நூற்றுக்கு இரண்டு கிலோ கழிப்பது வழக்கம். காலையில் இருந்து ஷமா மைக்கில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மேடை எடை இவ்வளவு, ஈரம் கழிச்சு இவ்வளவு. மேடை எடை இவ்வளவு, ஈரம் கழிச்சு இவ்வளவு. ஒவ்வொரு முறையும் நெல்லுக்குச் சொந்தக்காரர் முகம் கொஞ்சம் இறங்கும், வண்டியும் இறங்கும்.

அல்லா பிச்சை குடையோடு வந்து வரிசையை நிறுத்தினார். "கொஞ்சம் வழி விடுங்கப்பா. எங்க வீட்டு விசேசம் ஒண்ணு மேடையேறுது." டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எலுமிச்சம்பழ நிற கார், பெயரில்லாமல், ஒற்றை வைப்பரோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட மேடையில் ஏறி நின்றது. ஷஹ்பாஸ் இறங்கி ஓரமாக நின்றான். அறைக்கு வெளியே தொங்கிய சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறிவிட்டு நின்றன.

எண்ணூற்றுப் பதினைந்து.

பதினைந்து கிலோ அதிகம். நெல்லாக இருந்தால் அரைச் சிப்பம்கூட வராது. ஷஹ்பாஸ் எண்ணைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். மாமா சட்டைப் பையில் இருந்து போனை எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் பார்வை தானாக இடது பக்க சீட்டுக்குப் போயிற்று. பதினாறு கிலோ. நாலு போல்ட்டுதான். கை தன்போக்கில் பேன்ட் பைக்குள் போய் ஸ்பானரை எடுத்தது.

கண்ணாடி அறைக்குள் இருந்து ஷமா அந்தக் கையைப் பார்த்தாள்.

ஒரு நிமிடம் நிறுத்தி, அவள் நிலைமையையும் யோசியுங்கள். சீட்டு போனால் அவள் வரமாட்டாள் என்று சொன்ன வார்த்தை நிற்கிறது. சீட்டு இருந்தால் இருபது வராது, அல்லா பிச்சையின் போன் அய்யம்பேட்டைக்குப் போய்விடும். அவளுக்கு அய்யம்பேட்டையில் யாரையும் தெரியாது. ஏழு சீட்டுக் காரில் போய் உட்கார அவளுக்கு விருப்பமும் இல்லை. அவளுக்குப் பிடித்தது மேடை ஓரத்தில் நனைந்துகொண்டு, ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற இந்தப் பைத்தியத்தைத்தான்.

மைக் கரகரத்தது.

"மேடை எடை எண்ணூத்திப் பதினஞ்சு. ஈரம் கழிச்சு எழுநூத்தித் தொண்ணூத்தொம்போது. வண்டி எறங்கலாம்."

குரல் மில் முழுவதும் கேட்டது. காலையில் இருந்து சொல்லிச் சொல்லி வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டதோ என்று சிலர் நினைத்தார்கள். அப்படி இருந்தால் அவள் உதட்டைக் கடித்திருப்பாள். அவளோ கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷஹ்பாஸ் ஜன்னலுக்கு ஓடினான். "ஷமா, இது நெல்லு இல்ல. காரு."

"நனைஞ்சிருக்கா இல்லையா?"

"நனைஞ்சிருக்கு."

"நனைஞ்சு வந்து மேடையேறினா நூத்துக்கு ரெண்டு கழிவு. காருக்குன்னு தனிச்சட்டம் போட எனக்கு அதிகாரம் இல்ல மச்சான்." மைக் இன்னும் அணையவில்லை. இதுவும் எல்லாருக்கும் கேட்டது.

"ஆனா அது..."

"தம்பி கேக்குறது நியாயந்தானே," என்று வரிசையில் முன்னால் நின்ற டிராக்டரில் இருந்து ஒரு குரல் வந்தது. "கேளுங்க தம்பி. கழிவு எதுக்கு?"

"ஆமா, அது எதுக்கு?" என்றது பின்னால் இருந்த மினி லாரி.

அல்லா பிச்சை குடையைச் சாய்த்துக்கொண்டு மருமகன் காதருகே வந்தார். குரல் தணிந்தது. "மாப்ள, கார்ல கழிச்சது தப்புன்னு நீங்க இப்ப சொன்னா, காலையிலேர்ந்து கழிச்ச அத்தனை வண்டிக்கும் நான் பதில் சொல்லணும். யோசிச்சுச் சொல்லுங்க."

ஷஹ்பாஸ் யோசித்தான். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவனிடம் வந்து, அவன் கேட்காமலே, ஒரு எடையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். கழிவை எதிர்த்துப் பேசுவதா? அவனா? தலை முதல் கால் வரை கழிவாலேயே ஆனவன் அவன். ஆனாலும் பொய்யான இருபதை வீடியோவில் போட மனம் ஒப்பவில்லை. இந்த இனத்துக்கு நேர்மை உண்டு. அதுதான் அவர்களைத் தாங்க முடியாதபடி செய்கிறது.

அவன் மெதுவாகப் போய்க் காரின் இடது கதவைத் திறந்து, அந்த சீட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினான். சீட்டுக்குள் இருந்து தண்ணீர் பொலபொலவென்று ஓடி மேடையில் விழுந்தது. இன்னொரு முறை அழுத்தினான். இன்னும் வந்தது. டிக்கியைத் திறந்தான். ஒரு குடம் தண்ணீர் வெளியே பாய்ந்து அல்லா பிச்சையின் செருப்பை நனைத்தது. ஷஹ்பாஸின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. எல்லாருக்கும் எதுவோ நல்லது நடக்கப்போகிறது என்று தெரிந்தது. நடந்தது வேறு.

"மாமா, ஷமா சொல்றது சரி. இதுல கார் எது, மழை எதுன்னு நான் பிரிச்சுப் பாக்கவே இல்ல. ஒரு வருசமா நான் இரும்பைப் பத்தியே யோசிச்சிட்டு இருந்திருக்கேன். கார் கம்பெனிக்காரங்க சீட்டுக்குள்ள ஸ்பாஞ்ச் வைக்கிறாங்க. ஸ்பாஞ்ச் தண்ணி குடிக்கும். நம்ம ஊர்ல மூணு மாசம் மழை. அப்ப ஒவ்வொரு காரும் அரைச் சிப்பம் தண்ணியைச் சும்மா சொமந்துக்கிட்டு ஓடுது. இதை ஒருத்தனும் கணக்குல எடுக்கல."

ஸ்பானர் பைக்குள் திரும்பிப் போயிற்று. ஈரமான சீட்டை அவன் தட்டிக்கொடுத்தான். இந்த சீட்டுதான் அவனுக்கு இவ்வளவு பெரிய உண்மையைக் காட்டியது. இதை எப்படி எடுப்பது?

"அப்ப இருபதுன்னு ஒத்துக்கிறீங்களா?" என்றார் அல்லா பிச்சை.

"ஈரம் கழிச்சு, இருபதுக்கும் ஒரு கிலோ கம்மி மாமா."

டிராக்டர்காரர் ஏமாந்த முகத்தோடு தன் வண்டியை மேடைக்கு நகர்த்தினார். அல்லா பிச்சை போனைக் காதில் வைத்துத் தங்கையைக் கூப்பிட்டார். அடுத்த பிறை பார்த்த வெள்ளிக்கிழமை என்று மழைச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார். அந்தப் பக்கம் சைத்தூன் பீவி அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு, "அண்ணே, அந்தப் பின் சீட்டை அவன்கிட்டயே திருப்பிக் குடுத்துடுறேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடந்தது. ஷமா முன்னால் இடது பக்கம் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு பெரிய சூட்கேஸை வைத்துக்கொண்டு பாபநாசம் வந்து சேர்ந்தாள். அந்த சூட்கேஸ் எத்தனை கிலோ என்று ஷஹ்பாஸ் கேட்கவில்லை. வழியெல்லாம் கேட்காமலே ஓட்டினான். கபிஸ்தலம் பக்கம் ஒரு முறை வாயைத் திறந்தான். ஷமா திரும்பிப் பார்த்தாள். அவன் கொட்டாவி விட்டுச் சமாளித்தான். இந்த இனம் திருந்தாது. ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தால் அடங்கி ஓட்டும்.

இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். நல்லது. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். நடுவில் எங்கேயாவது, அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லாமலே இது ஓடியிருக்குமே, முருகையனைக் கொஞ்சம் குறைத்திருக்கலாமே, மழையை ஒரு வரியில் முடித்திருந்தால் சீக்கிரம் மில்லுக்குப் போயிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றவில்லை என்றால் சந்தோஷம். தோன்றியிருந்தால், ஒன்றும் சொல்லாமல் மெதுவாக உங்கள் இடது பக்கம் திரும்பிப் பாருங்கள். அங்கே இன்னும் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா?